பலகை நிறைந்த ஞாயிறு

நான் ஒரு காலத்தில் பாய்ப்படகு ஓட்டியவன் என்று சொன்னால் இன்று என் தொந்தியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வில்லியனூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் மிதித்தால் வரும் ஏரி ஒன்றில், பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த படகு கிளப் இருந்தது. ஏழு படகுகள், நீளமான கீற்றுக் கொட்டகை, ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். அவர்கள் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய மறு வருஷம் நானும் அதில் உறுப்பினன் ஆனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கொம்யூன் என்று பிரெஞ்சில் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அதற்கு முன்னால் அந்தக் கொட்டகைப் பக்கம் போனால் யார் நீ என்று கேட்பார்கள். பிறகு வாங்க சார் என்றார்கள். சுதந்திரம் என்று எனக்கு அந்த வயதில் விளங்கியது இது ஒன்றுதான்.

கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். கடலோரக் குப்பத்து மீனவர். தம்பியோடு கட்டுமரத்தில் போய்த் தனியாகத் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகு அவர் மனைவி அவரைக் கடலுக்கு விடவில்லை. அடுப்பு எரியாவிட்டாலும் பரவாயில்லை, கடல் வேண்டாம் என்று நின்றுவிட்டாளாம். யாரோ ஒரு துரை கைகாட்டி, ஏரிக்கு வந்து சேர்ந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'ஏம்பா' என்று கூப்பிட்டேன், அவர் என்னை 'சார்' என்றார். அந்தக் காலத்தில் அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

புதுச் சர்க்கார் கொட்டகையையும் அதன் காவலாளையும் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு இருந்தது. பேச்சு மட்டுமில்லை, அவர் பெயர் பட்டியலில் போயிருந்தது. நான் அலுவலகத்தில் இருப்பவன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னைக் கண்டதும் கேட்பார்.

"சார், நம்ம பேப்பர் இன்னா ஆச்சி?"

"போயிருக்குப்பா. வரும்."

"வந்துட்டா போதும் சார். வூட்ல நிம்மதியா தூங்குவா."

அந்த வேலை நிரந்தரமானால் அவர் சாகும்வரை கடலுக்குப் போக வேண்டியதில்லை. போய்விட்டால் திரும்பவும் கட்டுமரம்தான், வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

ஏரி எங்களுக்காக வெட்டப்பட்டது இல்லை. வயலுக்கானது. அதனால் எங்கள் ஆட்டமெல்லாம் தண்ணீர் இருக்கும் வரைக்கும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி ரொம்பும். மதகுப் படியில் தண்ணீர் எத்தனையாவது படியைத் தொட்டது என்று போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டே இருப்போம். மார்கழிப் பாதியில் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்குவோம். பொங்கல் கழிந்ததும் நீர்ப்பறவைகள் வந்து குவியும். மூன்று மூங்கில் நட்டு அவற்றைச் சுற்றி வருவதுதான் பந்தயம். மாசியில் நண்பகலுக்குமேல் கடற்காற்று ஒழுங்காக வரும், அந்த ஒரு மாதம்தான் நாங்களெல்லாம் கெட்டிக்காரர்கள். பங்குனியில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்துவிடும். கடைசி ஞாயிறு ஒரு விருந்தோடு வருஷம் முடியும். பிறகு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்துக் தண்ணீர் புகாமல் கீல் பூசுவது படகுக்காரர் வேலை. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நொங்கு தின்போம். ஆயுத பூசைக்கு ஏழு படகுக்கும் பொட்டு வைத்துப் பொரி படைத்தது எங்கள் ஆட்சியின் ஒரே சீர்திருத்தம்.

துரைகள் விட்டுப்போன சட்டங்களில் பலவற்றை நாங்கள் காற்றில் பறக்கவிட்டோம். ஒன்றை மட்டும் விடவில்லை. கொட்டகை வாசலில் ஒரு பலகை. அதில் எண் போட்ட ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் நூல் கோத்த ஒரு பித்தளை வில்லை. ஆளுக்கு ஒரு எண். தண்ணீரில் இறங்குகிறவன் தன் வில்லையைக் கழற்றி மேஜை மேலுள்ள பிஸ்கோத்து டப்பாவில் போட வேண்டும். கரையேறியதும் டப்பாவிலிருந்து எடுத்துத் தன் ஆணியில் தானே மாட்ட வேண்டும். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தாலும் கொடி இறங்காது, கொட்டகை பூட்டப்படாது, சாப்பாட்டு இலை விழாது. துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அவர் தேடக் கிளம்பிவிடுவார். முக்கியமாக, பங்குனியில் அந்தப் பலகைதான் எல்லாம். துறையில் சேறாகிவிடுவதால் படகை எங்கே கரை தட்டுகிறதோ அங்கேயே விட்டுவிட்டு வரப்போடு நடந்து வருவோம். மறுநாள் அவர் ஆள் வைத்து இழுத்து வருவார். ஆகவே படகை எண்ணிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வில்லையை எண்ணினால்தான் உண்டு.

தானே மாட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் நாங்கள் யார்? அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரன் பஸ்ஸைத் தவற விட்டால் அவன் கையெழுத்தையும் சேர்த்துப் போடுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் வராத நண்பனுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லி வளர்ந்தவர்கள். இன்னொருவனுக்காக ஒரு வேலையைச் செய்துவைப்பதை நாங்கள் நட்பு என்று நினைத்தோம். இரண்டொரு முறை நான் பிறர் வில்லையை மாட்டியிருக்கிறேன், பிறர் என்னுடையதை மாட்டியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் அது பழக்கம் ஆயிற்று.

ஆட்சி கைமாறி மூன்றாவது வருஷம். பங்குனிக் கடைசி ஞாயிறு. சுள்ளென்ற வெயில். கறிக்குழம்பு மணம் ஏரிக்கரை முழுதும் சுற்றிக்கொண்டிருந்தது. மணி இரண்டு தாண்டிவிட்டது. பலகையில் ஒரே ஓர் ஆணி காலி. அது என் சிநேகிதனுடையது. பள்ளிக்கூட வாத்தியார், என்னோடு படித்தவன், எதற்கும் கடைசியில் வருகிறவன். அவன் கல்யாணத்துக்கே அவன் தாமதமாகத்தான் வந்தான். எல்லாரும் என்னைப் பார்த்து முறைக்கத் தொடங்கினார்கள், நான்தான் அவனைக் கிளப்பில் சேர்த்துவிட்டவன் என்பதால்.

நான் வரப்பில் ஏறிப் பார்த்தேன். கோரைப் புதருக்கு அந்தப் பக்கம் அவன் பாய் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் இறங்கியது. பாயை இறக்கிவிட்டால் கரை தட்டிவிட்டான் என்றுதான் அர்த்தம். இனி நடந்து வர வேண்டியதுதான், பத்து நிமிஷம். திரும்பி வந்தேன். படகுக்காரர் பலகைப் பக்கத்தில் இல்லை. கிளப் தலைவராக இருந்த வக்கீல் அவரைக் கூப்பிட்டு இலை கழுவச் சொல்லியிருந்தார். டப்பாவில் கையை விட்டு அவன் வில்லையை எடுத்து மாட்டினேன்.

"பலகை ரொம்பிடிச்சி! இலையப் போடுப்பா!" என்று கத்தியதும் நான்தான்.

பந்திக்கு முந்து என்பார்கள். முந்தினேன். முதல் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். வாத்தியார் இரண்டாம் பந்திக்கு வருவான் என்று இருந்தேன். இரண்டாம் பந்தி பாதியில் மேற்கே கறுத்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று வந்தது பாருங்கள், இலைகள் சோற்றோடு பறந்தன. பின்னாலேயே மழை. எல்லாரும் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஓடினோம். அவன் வரப்பு வழியாகவே நேரே வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதுகூடப் பொய். அவனை நினைக்கவே இல்லை. படகுக்காரர் மழையில் நனைந்துகொண்டே ஒருமுறை பலகையைப் பார்த்துவிட்டுக் கொடியை இறக்குவதைப் பார்த்தேன். அதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. சுக்கானில் பாசி சுற்றிக்கொண்டதால்தான் அவன் பாயை இறக்கியிருக்கிறான். பாசியை அறுத்து எறிந்தவன், வருஷக் கடைசி ஆயிற்றே, இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று மறுபடி பாயை ஏற்றிவிட்டான். நடு ஏரியில் காற்று பிடித்துக் கவிழ்த்தது. கவிழ்ந்த படகைக் கட்டிக்கொண்டு கிடந்தவனைக் காற்று எதிர்க்கரைக்கு, சென்னை ராஜ்ஜியத்து எல்லைப் பக்கம், தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே சேற்றில் காலூன்ற முடியாமல் கத்தியிருக்கிறான். இந்தக் கரையில் கேட்க ஆள் இல்லை. மழை என்பதால் கிளப் ஆட்களோடு டவுனில் தங்கிவிட்டான் என்று அவன் மனைவி இருந்துவிட்டாள். காலையில் மாடு ஓட்டி வந்தவர்கள் அவனைத் தூக்கி எடுத்தபோது விரல்களைப் படகிலிருந்து பிரிக்க முடியவில்லையாம். உயிர் இருந்தது. ஆனால் நெஞ்சில் சளி கட்டி, ஒரு மாதம் ஆஸ்பத்திரி. அதன் பிறகு அவனால் பத்துப் படி சேர்ந்தாற்போல் ஏற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"என் வில்லைய யார்ரா மாட்டனது?"

"தெரியலடா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசிலிருந்து என் பொய்யைப் பார்த்தவன்.

"பாவம்டா அந்தப் படகுக்காரரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனும் அதை வெளியில் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தானோ, பேசவே தெம்பில்லாமல் இருந்தானோ. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தெருவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு நின்றது.

அவன் மாமனார் பாகூர்ப் பக்கம் பெரிய நிலக்காரர். என் மருமகனை ஏரியில் விட்டுப் பூட்டிக்கொண்டு போனவன் யார், அவனுக்கு என்ன தண்டனை என்று வக்கீல் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். யாராவது ஒருவர் தலையைக் கொடுத்தாக வேண்டும் என்று ஆயிற்று. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் கிளப்பில் இளைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அதே கொட்டகையில் விசாரணை. வக்கீலும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியில். பக்கத்து மேஜையில் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வாக்குமூலம் எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"வாத்தியார் கரைக்கு வந்தத நீ பாத்தியா?" என்றார் வக்கீல்.

"பாக்கலீங்க. இல கழுவிக்கினு இருந்தேன். வந்து பாத்தா பலகை ரொம்பி இருந்துச்சி."

"அவரே மாட்டினாரா, வேற யாராவது மாட்டினாங்களான்னு பாக்கறதுதான உன் வேல?"

"அதாங்க என் வேல."

"அப்ப யாரு மாட்டினது?"

அவர் வக்கீலைப் பார்க்கவில்லை. மேஜைப் பக்கம், என் காகிதத்தைப் பார்த்தார். நான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். நான் எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிளப்பிலிருந்து நீக்கியிருப்பார்கள். அந்த மாமனார் என்னைத் திட்டியிருப்பார். அலுவலகத்தில் நாலு நாள் பேசியிருப்பார்கள். என் வேலை போயிருக்காது. இந்த விவரமெல்லாம் இன்று வரிசையாக வருகிறது. அன்று எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது, எதைப் பற்றிய பயம் என்றுகூடத் தெரியாத பயம்.

"தெரியலீங்க" என்றார்.

தெரியவில்லை என்று எழுதினேன். கீழே அவர் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நானே நகர்த்திக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலையில் அசட்டை என்று ஒரு கடிதம் மேலே போயிற்று. அதையும் திருத்தமாக நகல் எடுத்தவன் நான்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வது எவ்வளவு சரி என்று நகல் எடுத்துக்கொண்டே நினைத்தேன். இப்படி நினைக்கத் தெரிந்ததே, அதுதான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். பாதி வழி பஸ், பாதி வழி நடை. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்து, நான் காபி குடிக்க வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

"சார், நீங்கதான் எங்களுக்குத் தெரிஞ்ச படிச்சவரு. ஒரு மனு எழுதிக் குடுங்க சார். கடலுக்குப் போறன்னு நிக்கிறாரு. ஒருத்தரக் குடுத்தாச்சி சார், இன்னொருத்தரக் குடுக்க என்னால ஆவாது."

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக ஒரு மனு எழுதியதில்லை. இத்தனை வருஷ உழைப்பு, ஒரு குறை இல்லாத நடத்தை, கடலில் தம்பியைப் பறிகொடுத்தது, பச்சைப் பிள்ளைகள், எல்லாம் அதில் இருந்தது. படித்துக் காட்டியபோது அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிற்று. வில்லையை மாட்டியது யார் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அந்த ஒரு வரி இல்லாமல் அது வெறும் காகிதம் என்பது எனக்குத் தெரியாதா? மனு எழுதுகிறவனுக்கு எந்த மனு நிற்கும், எது குப்பைக்குப் போகும் என்பது தெரியும். அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள்.

ஆவணியில் பட்டியல் வந்தது. கொட்டகைக் காவல் வேலைக்கு வேறொருவர் பெயர் இருந்தது.

கிளப்பும் அதிக நாள் ஓடவில்லை. புதிதாக வந்தவருக்குக் கீல் பூசத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. படகுகள் ஒழுக ஆரம்பித்தன. வக்கீல் டவுனோடு நின்றுவிட்டார். மற்றவர்களுக்குக் கல்யாணம், மாற்றல் என்று ஏதோ ஒன்று. ஒரு கார்த்திகையில் ஏரி ரொம்பியும் ஒரு படகும் இறங்கவில்லை. பாய்த்துணியை யாரோ கிழித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பார்த்தபோது வருத்தமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

ஆனால் விட்டால் விடுகிறதா? இலை விரித்தால், மழை வாடை வந்தால், எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். என் மனைவி ஏன் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறீர்கள் என்பாள். ஒன்றுமில்லை என்பேன். அவளிடமும் சொல்லவில்லை.

அறுபத்திரண்டில் காகிதங்களெல்லாம் முறைப்படி கைமாறி எங்கள் பூமி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். அதில் அவள் கொடுத்த மனு இருந்தது. என் கையெழுத்தில், ஓரத்தில் ஒரு முத்திரையோடு. அதிகாரி யாரும் அதைப் படித்துக் குறிப்பெழுதிய அடையாளம்கூட இல்லை. அன்று லீவு சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனேன்.

கரை மணலில் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, வலது தோள் இறங்கியிருந்தது. அலையில் கட்டுமரம் புரண்டு அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

"உக்காருங்க சார். மணலா இருக்கும்."

உட்கார்ந்தேன். அவர் வலைக் கிழிசலை ஊசியால் பின்னத் தொடங்கினார்.

"அண்ணே" என்றேன். அப்படி அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. "அன்னிக்கு அந்த வில்லைய மாட்டனது நான்."

அவர் கை நிற்கவில்லை. ஊசி ஒரு கண்ணியைக் கோத்து அடுத்த கண்ணிக்குப் போனது.

"தெரியும் சார்."

"எப்பிடி?"

"மறுநாள் காலையில போய்ப் பாத்தேன். ஆணியில நூல ரெண்டு சுத்து சுத்தி இழுத்து வச்சிருந்துது. உங்க வில்லைய எப்பவும் மாட்டறாப்பல, ஆபீசுல கட்டு கட்டறாப்பல. வேற யாரும் அப்பிடி மாட்ட மாட்டாங்க."

ஐந்து வருஷமாக வாத்தியாரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இவர் முதல் நாளிலிருந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப ஏண்ணே சொல்லல? விசாரணையில கேட்டாங்களே. யாருன்னு கேட்டாங்களே. சொல்லியிருந்தா உங்க வேல நின்னிருக்குமே!" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். தப்புச் செய்தவனுக்குத்தான் எவ்வளவு சுலபமாகக் கோபம் வருகிறது.

அவர் வலையை மடியில் இறக்கி வைத்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாற்போல் நிதானமாகச் சொன்னார்.

"நான் சொன்னா அத எழுத வேண்டியது நீங்கதான சார். நீங்களே எழுதுவீங்கன்னு பாத்துக்கினு நின்னேன். அப்பறம் அவ மனு எழுதியாந்தா. அதுலயாச்சும் போட்டிருப்பீங்கன்னு, பள்ளிக்கூடத்துப் பையனக் கூட்டியாந்து படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு வாட்டியும் பேனா உங்க கையிலதான சார் இருந்துச்சி."